கப்பல் நிற்கும் ஒரு பகல்: ரியூனியன் தீவு குறித்த கேள்விகளும் பதில்களும்

மொரீஷியஸிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் வழியில், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் ஒரு பகல் நிற்பதுண்டு. அந்தத் தீவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், பயணத்திற்குப் பதிவு செய்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது. அதற்குள் எரிமலையின் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

பதில்: முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். கப்பல் 8 மணிக்குக் கரை சேர்ந்தாலும், குடியேற்றச் சோதனை முடிந்து நீங்கள் துறைமுக வாயிலைக் கடக்க 9 மணி ஆகிவிடும். மாலையில் 5 மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது எட்டு மணி நேரம்தான். கப்பல் நிற்கும் லெ போர் துறைமுகம் தீவின் வடமேற்கில் இருக்கிறது; பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலையோ தென்கிழக்கில் இருக்கிறது. எரிமலையைப் பார்ப்பதற்கென்று 2311 மீட்டர் உயரத்தில் உள்ள பா தெ பெல்கோம்ப் முனைக்குப் போக மட்டும் காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து பெரிய வாயான தொலொமியூ தெரியாது. அதைக் காண வேண்டுமானால் செங்குத்துச் சுவரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் நடந்து, மீண்டும் ஏறி வர ஐந்து மணி நேரமாவது வேண்டும். எனவே கப்பல் பயணிக்கு அது நடக்கிற காரியம் அன்று. முனைவரை போய்வரலாம்; ஆனால் பெரும்பாலான நாட்களில் முற்பகலிலேயே மேகம் ஏறிவிடுவதால், பதினொன்றரைக்குப் போய்ச் சேருகிறவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் எரிமலைத் தீவுக்கு வந்தும் எரிமலையைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதானா?

பதில்: இல்லை அம்மா. எரிமலை கடலுக்கு இறங்கி வந்த இடத்தைப் பாருங்கள் என்றே நான் எல்லாரிடமும் சொல்வேன். கிழக்குக் கரைச் சாலையில் போனால், முதலில் பித்தோன் சேன்த் ரோஸ் என்ற ஊர் வரும். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. மாதா கோவிலின் வாசல்வரை வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போய் உறைந்தது. கோவிலுக்கு இப்போது ‘எரிமலைக் குழம்பின் மாதா’ என்றே பெயர். வெளிச்சுவரின் ஓரம் கரும்பாறை இன்றும் அலை திரண்டதுபோல் கிடக்கிறது. அருகில் போய்ப் பாருங்கள்: முறுக்கிய கயிற்றுச் சுருள்களை அடுக்கிவைத்தாற்போன்ற வரிகளும், இடையிடையே ஊசி குத்தினாற்போன்ற துளைகளும் தெரியும், அந்தத் துளைகள் குழம்பிலிருந்து வாயு வெளியேறிய தடங்கள்.

அதைத் தாண்டித் தெற்கே போனால் கிராண் புருலே என்ற சரிவு வரும். 2007 ஏப்ரலில் குழம்பு இந்தச் சரிவில் இறங்கி, நெடுஞ்சாலையைக் குறுக்கே மூடி, கடலில் விழுந்தது. உள்ளிருந்த குழம்பு வெளியேறியதால் தாங்க ஏதுமில்லாமல் மேலே தொலொமியூ வாயின் தளம் முந்நூறு மீட்டருக்கும் மேலாக இடிந்து உள்ளே அமிழ்ந்தது. சாலையைப் பிறகு அந்தப் பாறையின் மேலேயே போட்டார்கள். பாறையின் உட்புறம் பல ஆண்டுகள் ஆறாமல் இருந்தது; மழை பெய்தால் சாலையோரம் ஆவி எழும்பும். இப்போது அதன்மேல் சாம்பல் நிறப் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கின்றன. பழைய குழம்பு, புதிய குழம்பு என்று பச்சையின் அடர்த்தியை வைத்தே வயது சொல்லலாம். துறைமுகத்திலிருந்து இங்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்; மேகம் வந்தாலும் காட்சி கெடாது என்பதே இந்த வழியின் பெரிய வசதி.

கேள்வி: சிவப்பாக ஓடும் குழம்பைக் காண வாய்ப்பு உண்டா? அது ஆபத்தில்லையா?

பதில்: உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று, பல ஆண்டுகளில் ஒரே ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொங்கியிருக்கிறது. ஆனால் இது வெடித்துச் சிதறும் வகை அன்று. கரும்பாறையாக உறையும் இளகிய பசால்ட்டுக் குழம்பு வழிந்தோடும் வகை. பெரும்பாலும் ஆளில்லாத பள்ளத்துக்குள்ளேயே வழிகிறது. பொங்கத் தொடங்கியதும் அந்தப் பகுதிக்குள் யாரும் இறங்காதபடி வாயிலை மூடிவிடுவார்கள். உங்கள் ஒரு பகலும் அதுவும் ஒத்துவருவது அதிர்ஷ்டம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா? சுறா இருப்பதாகச் சொல்கிறார்களே.

பதில்: சொல்வது உண்மைதான், தம்பி. தொடர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால் 2013-இல் அரசு நிர்வாகம் திறந்த கடலில் குளிப்பதற்கும் அலைச்சறுக்குக்கும் தடை விதித்தது. பவளத்திட்டு அரணாக நிற்கும் எர்மித்தாஜ் போன்ற மேற்குக் கரைக் காயல்களில் மட்டும் இறங்குங்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதி. கிழக்குக் கரையில் கடலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே தமிழர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தமிழில் பேசினால் புரியுமா?

பதில்: பெரும்பாலோருக்குப் புரியாது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். தீவில் அவர்களை ‘மல்பார்’ என்பார்கள், பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. கடைப் பலகையில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ராமசாமி, முத்துசாமி என்று படிக்கும்போது நமக்குத்தான் உடல் சிலிர்க்கும். கடைக்காரருக்கு அது சாதாரணக் குடும்பப் பெயர். முருங்கைக் கீரையை ‘பிரேத் முருங்’ என்பார்கள். மொழி போனாலும் தீமிதியும் காவடியும் போகவில்லை. கிழக்குச் சாலையில் சேன்த் ஆந்த்ரே ஊரில் நெடுங்கோபுரத்தோடு ஒரு கோவில் இருக்கிறது. வழியில் இறங்கிப் பார்க்கலாம். காலணியோடு தோல் இடைவாரையும் கழற்ற வேண்டும். அசைவம் சாப்பிட்டிருந்தால் வெளியிலிருந்தே கும்பிடுங்கள். இந்த விஷயத்தில் நம் ஊரைவிட அவர்கள் கண்டிப்பு.

கேள்வி: நாங்கள் சைவம். கரையில் என்ன சாப்பிடுவது?

பதில்: ‘போம்போன் பிமான்’ கேளுங்கள். பருப்பு வடையின் ஒன்றுவிட்ட தம்பி. மொச்சையை அரைத்து, மிளகாய் சேர்த்து, நடுவில் துளையிட்டுப் பொரிப்பது. தக்காளி ருகாய் என்பது வேகவைக்காத தக்காளிச் சட்னி போன்றது. ஆனால் வெறுமனே ‘ருகாய் சோசிஸ்’ என்றால் பன்றி இறைச்சி. சமோசாவிலும் மாட்டிறைச்சி இருக்கலாம். ஆகவே பெயரை வைத்து வாங்காமல், உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் போதுமா?

பதில்: ரியூனியன் பிரான்சின் மாவட்டம், செலாவணி யூரோ, ஆனால் ஷெங்கன் பகுதியில் அது சேராது. எனவே சாதாரண ஷெங்கன் விசா தானாகவே செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே சீட்டை உறுதி செய்யுங்கள்.

கேள்வி: கப்பல் நிறுவனச் சுற்றுலாவில் போவதா, நாங்களே வண்டி அமர்த்திக்கொள்வதா? நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நான்கு பேர் இருந்தால் ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதே வசதி, விரும்பிய இடத்தில் நிற்கலாம். நிறுவனத்தின் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். உங்கள் வண்டி தாமதித்தால் காத்திருக்காது. கிழக்கே போனால் திரும்பும்போது தலைநகர் சேன் தெனியைக் கடந்தாக வேண்டும். மாலையில் அங்கே நெரிசல் கடுமையாக இருக்கும். மூன்றரைக்குள் அந்த நகரைத் தாண்டிவிடுங்கள். மடகாஸ்கர் வழியாக வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: ரியூனியன் நேரம் அங்கிருப்பதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கைப்பேசி ஒரு நேரத்தையும் கப்பல் கடிகாரம் வேறு நேரத்தையும் காட்டக்கூடும். இறங்கும்போது படியில் நிற்கும் பணியாளரிடம் எந்த நேரம் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டையும், கப்பலின் அன்றாடத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.