வார்டு வாசல்: ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டரை எழுப்பலாமா?

அரசு மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், அக்கா. நைட் டியூட்டியில் டாக்டருக்கு போன் பண்ணினால், ‘இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?’ என்று எரிந்து விழுகிறார். இப்போதெல்லாம் போனை எடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

எழுப்பும்மா. அதற்குத்தான் அவர் டியூட்டியில் இருக்கிறார்.

அவர் கத்துவது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் போனில் நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் பார்க்கணும். ‘சார், மூணாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க’ என்றால் அரைத் தூக்கத்தில் இருக்கிறவருக்கு என்ன விளங்கும்? ‘சரி, பாத்துக்குங்க’ என்று வைத்துவிடுவார்.

இப்படிச் சொல்லிப் பார்: ‘சார், லேபர் வார்டு சிஸ்டர் பேசுறேன். மூணாம் பெட்டுல ப்ளீடிங் ஜாஸ்தியா இருக்கு. ரெண்டாவது பிரசவம், நார்மல் டெலிவரி, ஒரு மணி நேரம் ஆச்சு. ஹீமோகுளோபின் முன்னாடியே 9தான். இப்ப பல்ஸ் 120, பிபி 100க்கு 60. கர்ப்பப்பை இறுகல, மெத்துனு இருக்கு. பிபிஹெச்னு (பிரசவத்துக்குப் பிந்திய அதிக ரத்தப்போக்கு) நினைக்கிறேன். மசாஜ் பண்ணிட்டிருக்கோம், டிரிப் ஏத்த ரெண்டு லைன் போட்டாச்சு. நீங்க உடனே வரணும் சார்.’

அரை நிமிஷப் பேச்சு. என்ன நடக்கிறது, பேஷண்ட் யார், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்யணும் என்ற நாலும் வந்துவிட்டது. எஸ்பார் (SBAR) என்று இப்போது நர்சிங் காலேஜிலேயே சொல்லித் தருகிறார்களே, அதுதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த முறை. அங்கிருந்து கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. நம் பிள்ளைகள் முதல் இரண்டையும் நன்றாகவே சொல்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும்தான் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. டாக்டரிடம் ‘நான் நினைக்கிறேன்’ என்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பது நீ. நீ நினைப்பதைத்தான் அவர் முதலில் கேட்கணும்.

பிபி 100 இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுவிடாதே. சின்ன வயசுப் பெண்ணின் உடம்பு, ரத்தம் நிறையப் போகிற வரைக்கும் பிபியை விட்டுக்கொடுக்காது. முதலில் ஏறுவது பல்ஸ்தான். பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பார், 0.9 வந்தாலே உஷாராகிவிடணும். நான் சொன்ன கணக்கில் 1.2. இதைச் சொன்னால் எந்த டாக்டருக்கும் தூக்கம் போய்விடும்.

இன்னொன்று. 2023-ல் வெளியான ஓர் ஆய்வை உன் வார்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசணும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பிரசவம் ஆனதும் அளவுக்கோடு போட்ட உறையில் ரத்தத்தைப் பிடித்து, எவ்வளவு என்று கண்ணால் பார்த்தார்கள். அளவு தாண்டியதும் மசாஜ், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்சாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற சோதனை, எல்லாவற்றையும் ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபரேஷன், மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. இதில் புது மருந்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் உன் வார்டு அலமாரியில் இருப்பவைதான். யார் மசாஜ் பண்ணுவது, யார் மருந்து ஏற்றுவது, எந்த ஆயாம்மா சாம்பிளோடு ப்ளட் பேங்குக்கு ஓடுவது என்று ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே பேசிவைத்துக்கொண்டால் போதும்.

போனில் ஆர்டர் தந்தால் எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ராத்திரி போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். ‘ஒன்னு அஞ்சா, அஞ்சு சைபரா சார்?’ என்று கேட்டுவிடு. அவர் வரவில்லையா, மறுபடி கூப்பிடு. அப்போதும் வரவில்லையென்றால் சீனியரைக் கூப்பிடு. நைட் சூப்பர்வைசருக்கும் சொல்லு. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய் என்பதை கேஸ் ஷீட்டில் எழுது.

பகலில் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. பல்ஸ் எவ்வளவு ஏறினால், யூரின் எவ்வளவு குறைந்தால் கட்டாயம் கூப்பிடணும் என்று டாக்டர்களையே உட்காரவைத்து எழுதி வாங்கி, நர்ஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டச் சொல்லி உங்கள் சூப்பிரண்டென்ட்டிடம் கேள். அப்புறம் ‘ஏன் எழுப்பினீங்க?’ என்ற பேச்சே வராது.

நான் ஹவுஸ் சர்ஜன். எங்கள் தியேட்டரில் சேஃப்டி செக்லிஸ்ட்டை ஆபரேஷன் முடிந்த பிறகு மொத்தமாக டிக் அடித்து ஃபைலில் வைக்கிறார்கள். அதனால் என்ன பயன், மேடம்?
– பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்

ஒரு பயனும் இல்லை, தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அந்தப் பட்டியலில் 19 விஷயங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், பேஷண்ட்டை தியேட்டரை விட்டு வெளியே எடுக்கும் முன் என்று மூன்று இடத்தில் நின்று, வாய்விட்டுச் சொல்லணும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது.

அதில் எல்லோரும் பெயரும் வேலையும் சொல்லி அறிமுகமாகணும் என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத்தான் வெட்கப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்ன தியேட்டர் சிஸ்டர், ‘சார், மாப் (ரத்தம் ஒற்றும் துணி) ஒன்னு குறையுது’ என்று சொல்லத் தயங்கமாட்டாள். நீங்கள் சீனியரைத் திருத்தப் போக வேண்டாம். கத்தி வைக்கும் முன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் சிஸ்டரின் பெயரைக் கேளுங்கள். துணி, கருவிகளின் எண்ணிக்கை சரியில்லை என்று அவர் சொன்னால் தையலை நிறுத்தச் சொல்லி முதலில் குரல் கொடுப்பது நீங்களாக இருங்கள்.

பக்கவாதம் வந்து அப்பாவைச் சேர்த்திருக்கிறோம். நர்ஸ் வாயில் எதுவும் தராதீர்கள் என்கிறார். டயட்டீஷியன் கஞ்சி என்று எழுதியிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் உட்காரவைத்துத் தண்ணீர் தரலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், விருதுநகர்

இப்போதைக்கு நர்ஸ் சொல்வதை. பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி பாதிக்கப்பட்டிருந்தால் கஞ்சியும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். காலை ரவுண்ட்ஸில் டாக்டரும் நர்ஸும் சேர்ந்து நிற்கும்போது, ‘விழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா? ரிசல்ட் கேஸ் ஷீட்ல இருக்கா?’ என்று கேளுங்கள். டயட்டீஷியனும் பிசியோவும் அந்த ஒரே ஷீட்டைப் பார்த்துத்தான் பேசணும். அதுவரை மாத்திரையும் வாய்வழி வேண்டாம். டியூப் போட்டிருந்தால் எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று பார்மசிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.