வயசானது உங்களுக்கா, சீரியலுக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. ஸ்கூல் படிக்கும்போது 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' கொரியன் சீரியல பைத்தியம் மாதிரி பார்த்தவ நான். இப்ப சித்தி பொண்ணு (15 வயசு) லீவுக்கு வந்திருக்கா, அவகூட உக்காந்து மறுபடி பார்த்தா ஒரே எரிச்சலா வருது. ஹீரோ ரவுடி மாதிரி இருக்கான், ஹீரோயின் எப்பப் பாரு கண்ண உருட்டுது, செகண்ட் ஹீரோ மரக்கட்டை. சொன்னா "உனக்கு வயசாயிடுச்சுக்கா, ரொமான்ஸ் புரியல"ங்கிறா. எனக்குத்தான் வயசாயிடுச்சா? இவள பார்க்க விடலாமா? பேர் போடாதீங்க ப்ளீஸ்.

பதில்: வயசுன்னு பேச்சு வந்துட்டதால அதையே முதல்ல பார்த்துருவோம்டா. 2009 ஜனவரில கேபிஎஸ்-2ங்கிற கொரியன் சேனல்ல அந்த சீரியல் ஆரம்பிச்சப்ப ஸ்கூல் பொண்ணு ஜான்-டியா வந்த கூ ஹே-சனுக்கு 24 வயசு, ஹீரோ ஜுன்-பியோவா வந்த லீ மின்-ஹோவுக்கு 21. அந்த ஷின்ஹ்வா ஸ்கூல்லயே யாருக்கும் வயசு சரியில்ல, நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க.

இப்ப அந்தப் பையனுக்கு வருவோம். ஜான்-டியோட ஃப்ரெண்டு தெரியாம அவன் ஷூ மேல ஐஸ்க்ரீம் கொட்டிடுவா. மன்னிப்பு கேக்குறா, அவன் நக்குங்கிறான்! அதத் தட்டிக் கேட்டதுக்கு ஜான்-டிக்கு சிவப்பு கார்டு, மொத்த ஸ்கூலும் சேர்ந்து அவள ஓட ஓட விரட்டுது. அப்புறம் அவ மேல ஆசை வந்துடுது ஐயாவுக்கு. ஆசை வந்தா என்ன பண்ணணும், போய்ப் பேசணும், இவன் கருப்பு சூட் போட்ட ஆளுங்கள விட்டு அவளத் தூக்கிட்டு வந்து முடி திருத்தி மேக்கப் போட்டு டிரெஸ் மாத்தி கண்ணாடி முன்னாடி நிக்க வைக்கிறான், நம்மளும் "ஐயோ எவ்ளோ அழகா இருக்கா"ன்னு வாயப் பொளந்து பார்த்துட்டு இருந்தோம். நானும்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அதுல நமக்கு உறுத்தாததுக்குக் காரணம் லீ மின்-ஹோ. அதுவரைக்கும் பெருசா யாருக்கும் தெரியாத பையன், ஆனா அந்தச் சுருட்ட முடியோட பழமொழிய எல்லாம் தப்புத் தப்பாச் சொல்லிட்டு குழந்தை மாதிரி முழிப்பான் பாருங்க, அங்கயே நம்ம மனசு அவனுக்கு மன்னிப்பு குடுத்துடுது. மன்னிப்ப அவன் கேக்கவே இல்லங்கறது பத்து எபிசோட் கழிச்சுதான் உறைக்குது.

இதே இடத்துலதான் நீங்க சொன்ன மரக்கட்டை மேட்டரும் வருது. ஹீரோவோட ரவுடித்தனம், செகண்ட் ஹீரோவோட மரக்கட்டை முகம், ரெண்டையும் தனித்தனியா எழுதியிருக்கீங்க, எனக்கென்னவோ ரெண்டும் ஒண்ணுன்னுதான் படுது. அந்த செகண்ட் ஹீரோ ஜி-ஹூ கேரக்டர யோசிச்சுப் பாருங்க. அஞ்சு வயசுல கார் ஆக்சிடென்ட்ல அப்பா அம்மாவ இழந்தவன், வயலின் வாசிக்கிறவன். ஜான்-டி ஆத்திரம் தாங்காம எமர்ஜென்சி படிக்கட்டுல போய்க் கத்துவா, அங்க அவன் சத்தமில்லாம இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருப்பான். எழுதினபடி வந்திருந்தா யாரா இருந்தாலும் இவன் பக்கம் சாஞ்சிருக்கணும். அந்த ரோலுக்கு எஸ்எஸ்501ங்கிற பாட்டு குரூப்போட லீடர் கிம் ஹ்யூன்-ஜூங்கப் போட்டாங்க, ஆள் பார்க்க சிலை, முகமும் அப்படியே சிலை. சோகமா இருக்கானா தூக்கம் வருதான்னே தெரியல. அன்பா இருக்கிறவன் வெறும் பொம்மையா நிக்கிறப்ப அடாவடி பண்றவன் மட்டும்தான் உயிரோட இருக்கிற மாதிரி தெரியுது. போட்டியே இல்லாத எலக்‌ஷன்ல ஜெயிச்ச கத.

கூ ஹே-சன் விஷயத்துல எனக்கு வருத்தம்தான். லாண்டரிக்கடை வீட்டுப் பொண்ணு, கஞ்சிக்கடைல பார்ட் டைம் வேல பார்க்குற பொண்ணு, ஜுன்-பியோவ சுழட்டி ஒரு உதை விடுற பொண்ணு, எவ்ளோ கெத்தான ரோல்! அத கண்ண விரிச்சு கன்னத்த உப்பி கீச்சுக் கீச்சுன்னு பேசிப் பேசி சின்னப் பாப்பாவா ஆக்கிட்டாங்க. டைரக்டர் கேட்டாரா இவங்களாப் பண்ணாங்களா, அது வேற கேள்வி. பாப்பாவத் தூக்கிட்டுப் போனா கடத்தல்னு தோணாது பாருங்க, செல்லமாத்தான் தெரியும்.

நியாயமா சொல்லணும்னா ஜுன்-பியோவும் அவளுக்காக கை ஓங்காம அடி வாங்குறான். ஆனா அதே சண்டைல நாற்காலி அடி விழுறது இவ தோள்ல, அதோட அவ நீச்சல் கனவு காலி. கடைசில அவனுக்கு இவள மட்டும் மறந்துபோக, ஞாபகப்படுத்துறதுக்கு இவ அதே தோளோட நீச்சல்குளத்துல குதிக்கிறா. அவன் நாலு வருஷம் கழிச்சு ஹெலிகாப்டர்ல வந்து இறங்குறான், அவ்ளோதான் அவன் செலவு.

(ஹீரோவோட ஃப்ரெண்டு யி-ஜங், ஜான்-டியோட ஃப்ரெண்டு கா-உல், இந்த ஜோடி மட்டும் இன்னிக்கும் எனக்குப் பிடிக்கும். கா-உலா வந்த கிம் ஸோ-உன் அலட்டிக்காம நடிச்சிருக்கும் அந்தப் பொண்ணு.)

தங்கச்சிய தாராளமா பார்க்க விடுங்க, தடுத்தா ஃபோன்ல போர்வைக்குள்ள பார்ப்பா. நீங்களும் கூடவே உக்காருங்க, ஆனா சீனுக்கு சீன் லெக்சர் அடிக்காதீங்க, நமக்கு அந்த வயசுல யாராவது அடிச்சிருந்தா கேட்டிருப்போமா. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, அந்தக் கடத்தல் சீன் வர்றப்ப ரிமோட்ட எடுத்து மியூட்ல போட்டுருங்க. பேக்ரவுண்ட்ல அந்த ஜாலி மியூசிக் இல்லாம நாலு தடியனுங்க ஒரு பொண்ண கார்ல ஏத்துறத மட்டும் அவ பார்க்கட்டும். ஏன் சவுண்ட ஆஃப் பண்ணேன்னு அவளே கேப்பா, அப்பப் பேசுங்க. முடிச்சுட்டு என்ன சொன்னான்னு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.