வோட்காவும் விஸ்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வோட்கா, விஸ்கி பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

இரண்டையும் தானியத்தில்தானே காய்ச்சுகிறார்கள்? பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? (மதுரை வாசகர்)

தானியம் ஒன்றாக இருக்கலாம், நோக்கம் நேர் எதிர். வோட்கா காய்ச்சுகிறவர் ஊறலின் மணத்தை முடிந்தவரை கழித்துவிடப் பார்க்கிறார். கோபுரம் போல உயரமான காய்ச்சும் கலத்தில் (காலம் ஸ்டில்) ஆல்கஹாலை 95, 96 சதவீதம் வரை ஏற்றி, பெரும்பாலும் கரியில் வடிகட்டி, கடைசியில் தண்ணீர் சேர்த்து 40-க்கு இறக்குகிறார். விஸ்கிக்காரர் மணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். மால்ட் (முளைகட்டிய பார்லி) விஸ்கியைச் செப்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி 70 சதவீதச் சுமாருக்கு எடுப்பார்கள். தானியத்தின் எண்ணெய்ப் பசையும் பழ வாசனையும் அதில் தங்கியிருக்கும்.

அப்புறம் பீப்பாய். வெனிலா மணம், கிராம்பு மணம், லேசான தேங்காய் மணம் எல்லாம் ஓக் மரம் கொடுப்பவை. நிறமும் அங்கிருந்துதான் வருகிறது. பானையிலிருந்து இறங்கும்போது விஸ்கியும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் கேரமல் (கருக்கிய சர்க்கரை) சேர்த்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள். இதைப் பல முறை சொல்லிவிட்டேன், கீழேயும் சொல்வேன்.

வோட்கா என்றாலே உருளைக்கிழங்குதானே? (திருச்சி)

இல்லை. பெரும்பாலான வோட்கா தானியத்தில் செய்வது. பிராண்டுகளில் ஆப்சலூட் தெற்கு ஸ்வீடனின் கோதுமை, பெல்வெடேர் போலந்தின் ரை என்ற தானியம், சிராக் பிரான்சின் திராட்சை. உருளைக்கிழங்கு வோட்காவும் உண்டு, போலந்தில் அதற்குத் தனி மரியாதையும் உண்டு. ரையில் செய்தது லேசான மிளகுக் காரம், கிழங்கில் செய்தது கொஞ்சம் கொழுப்பான வழவழப்பு. தானியமோ கிழங்கோ இல்லாமல் வேறொன்றில் செய்தால், எதில் செய்தது என்று புட்டியில் எழுதியே ஆகவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

வோட்கா குடித்தால் வாடை வராது, போலீஸ் கருவியில் காட்டாது என்கிறான் நண்பன். உண்மையா? (வேலூர்)

பொய். ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. கருவி அளப்பது அதைத்தான், வாடையை அல்ல. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் நம் சட்டத்தின் வரம்பு. நண்பர் இதைச் சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்றால் முதலில் சாவியைப் பிடுங்குங்கள், பிறகு எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு ஸ்காட்ச் கொடுத்தார். நம் ஊர் விஸ்கியில் அந்த மணம் துளிகூட இல்லையே, ஏன்? (சேலம்)

நீங்கள் விஸ்கி என்று நினைத்துக் குடித்ததில் பெரும்பகுதி விஸ்கியே இல்லாமல் இருக்கலாம். இதைக் கேட்டதற்கு நன்றி.

ஸ்காட்ச் என்றால் தானியம், தண்ணீர், ஈஸ்ட். ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு அங்கேயே கிடக்கவேண்டும். கேரமல் நிறம் சேர்க்கலாம், வாசனை சேர்க்கக்கூடாது. அமெரிக்க போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், அதுவும் உள்பக்கம் கருக்கிய புது ஓக்கில்.

நம் ஊரின் மலிவு விஸ்கி எப்படிப் பிறக்கிறது? சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸைப் புளிக்கவைத்து, 96 சதவீதத்துக்கு ஏற்றினால் ஈ.என்.ஏ. (எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், மணம் கழித்த ஸ்பிரிட்) கிடைக்கும். அதில் தண்ணீர், கேரமல், எசன்ஸ், கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட். சில கம்பெனிகள் தானிய ஈ.என்.ஏ.வுக்கு மாறியிருக்கின்றன, அது நல்லது. ஆனாலும் பீப்பாயின் வாசலைக்கூட மிதிக்காத ஸ்பிரிட் அது. மணமெல்லாம் கழித்த ஸ்பிரிட் என்பதால் செய்முறையில் அது வோட்காவுக்குத்தான் நெருக்கம். கரும்பிலிருந்து வந்ததால் மூலப்பொருளில் ரம்முக்கு உறவு. இதை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது. நம் விதிகள் இடம் கொடுக்கின்றன.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரே தொட்டியின் ஸ்பிரிட் காலையில் விஸ்கியாகவும் மத்தியானம் பிராந்தியாகவும் புட்டிக்குள் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாறியது எசன்ஸ் டின்னும் லேபிளும்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரே கோரிக்கை: எதில் செய்தது என்பதைப் புட்டியின் முன்பக்கம், படிக்கிற அளவு எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். மொலாசஸ் ஸ்பிரிட் விஷம் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுப்பவருக்கு எதை வாங்குகிறோம் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து ‘நல்லா ஊறினது’ என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நம்மால் முடியாது என்றும் நினைக்காதீர்கள். பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004-ல் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். பெங்களூரு வெயிலுக்கு அது 10-ஐத் தாண்டும். மரத்தோடு கலப்பதும் வேகம், அதனால் நாலைந்து ஆண்டிலேயே நல்ல முதிர்ச்சி வந்துவிடுகிறது.

12 ஆண்டு விஸ்கியைப் பிரிக்காமல் 10 ஆண்டு வைத்திருக்கிறேன். இப்போது 22 ஆண்டா? (சென்னை)

12 தான். கண்ணாடிக்குள் விஸ்கி வளராது.

வோட்காவில் மறுநாள் தலைவலி வராதாமே? (நாகர்கோவில்)

கொஞ்சம் குறைவாக இருக்கலாம். புளிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் சேர்ந்து, காய்ச்சிய பிறகும் தங்கிவிடும் துணைப்பொருட்கள் வோட்காவில் மிகக் குறைவு. அமெரிக்காவில் போர்பனையும் வோட்காவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது போர்பன் குடித்தவர்களுக்குத்தான் மறுநாள் உடம்பு அதிகம் படுத்தியது. ஆனால் கவனமும் வேகமும் இரு தரப்பிலும் ஒரே அளவு குறைந்திருந்தன. ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, எந்த நிறத்தில் குடித்தாலும் ஈரலுக்கு அது அதே 60 கிராம்தான். வலி மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், அது வயிற்றையும் ஈரலையும் கெடுக்கும்.

டயட்டில் இருக்கிறேன். எதில் கலோரி குறைவு? (கோவை)

இரண்டிலும் 30 மில்லிக்கு 70 சுமார். கூட ஊற்றும் கோலாவைப் பாருங்கள்.

வீடியோ பார்த்து வீட்டிலேயே உருளைக்கிழங்கு வோட்கா காய்ச்சலாம் என்றிருக்கிறேன். குக்கர் போதுமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

வேண்டாம். முதலில் அது குற்றம். ஆல்கஹால் ஆவி அடுப்படியில் பரவினால் சமையலறையே எரியும். இதையெல்லாம் யோசிக்காமல் குக்கர் அளவு கேட்கிறீர்கள்.

வெளியில் கிடைப்பதையும் நம்பாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனாலை நாக்காலோ மூக்காலோ பிரித்தறிய முடியாது. குடித்த பிறகு கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ தூங்கிப்பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போகவேண்டும்.

விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது பாவமா? வோட்காவை ஃப்ரீசரில் வைக்கலாமா? (யாழ்ப்பாணம்)

சில துளி தண்ணீர் விட்டால் மணம் எழும்பும், ஸ்காட்லாந்துக்காரர்களே விடுகிறார்கள். ஐஸ் மணத்தை அடக்கிவிடும். வோட்காவை வைக்கலாம். 40 சதவீத வோட்கா உறைய மைனஸ் 27 டிகிரி போல வேண்டும், வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-தான். அங்கே கட்டியாக உறைந்தால் அந்தப் புட்டியைக் குடிக்காதீர்கள், யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.