மகனைத் தூக்க ஆள் வைப்பதா, இடம் வாங்குவதா?

கேள்வி: அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 67. பென்ஷன் 38,000 ரூபாய், வீட்டுச் செலவு 24,000. மகனுக்கு 33 வயது, பிறவியிலேயே பெருமூளை வாதம். பேச்சு குழறும், புத்தி தெளிவு. கரண்ட் பில்லை மொபைலில் கட்டுவதே அவன்தான். அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைப்பது என் மனைவி. அவளுக்கு 62 ஆகிறது, இடுப்பு வலி தாங்கவில்லை. ஆள் வைக்கலாமா? கையில் இருக்கும் 16 லட்சத்துக்கு மகன் பேரில் இடம் வாங்கச் சொல்கிறார் மைத்துனர்.
- குன்னூர் வாசகர்

பதில்: ஆளை வையுங்கள் ஐயா, இந்த மாதமே. அம்மாவின் இடுப்பு ஒருநாள் பிடித்துக்கொண்டால் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். காலையில் வேலைக்கு வரும் அண்ணன், அந்த வீட்டுப் பையனை உடனே தூக்கவில்லை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி முட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தார். குளிரில் விறைத்த கால் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் கையைக் கொடுத்தார். அந்த வீட்டு அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது அது. உங்கள் மனைவியின் கைக்குத் தெரிந்ததை இன்னொருவர் கற்க மாதங்கள் ஆகும். நீங்கள் இருவரும் திடமாக இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

இடம் வேண்டாம். மாதா மாதம் அதிலிருந்து பணம் வராது. நீலகிரியில் கட்டட அனுமதி வாங்குவதும் லேசல்ல, அவசரத்துக்கு விற்கவும் முடியாது.

12 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 24,600 ரூபாய், அதாவது மாதம் 8,200 வரும். மீதி 4 லட்சம் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். காலையில் தூக்கிக் குளிப்பாட்ட ஒரு ஆண், சமையலுக்கும் துணி துவைக்கவும் ஒரு அக்கா என்று இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு 6,000, 5,000 என்று வைத்துக்கொண்டால், வட்டி போகக் கையிலிருந்து 2,800தான். பென்ஷனில் மிஞ்சும் 14,000 அதைத் தாங்கும். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் வருஷா வருஷம் சம்பள உயர்வும் இப்போதே கணக்கில் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்திலோ கேரட் கழுவும் இடத்திலோ கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார்கள், அது அவர்கள் குற்றமில்லை.

மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நின்றால் அன்றைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். நடந்தே வரக்கூடிய தூரத்தில் இன்னொருவரையும் பழக்கி, வந்த நாளுக்குக் கூலி கொடுங்கள். மாதச் சம்பளத்துக்கு வைக்கும் இருவருக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டை வங்கியில் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். அந்த அக்காவை வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதியச் சொல்லுங்கள்.

ஊனமுள்ள பிள்ளையைப் பராமரிப்பதற்கான வருமான வரிச்சலுகை என்று அலைய வேண்டாம். புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே வராது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்குப் பின் மனைவிக்கும், அவருக்குப் பின் மகனுக்கும் குடும்ப ஓய்வூதியம் வரும். மத்திய அரசு விதிப்படி, சம்பாதிக்க இயலாத ஊனமுள்ள பிள்ளைக்கு 25 வயது வரம்பு கிடையாது, ஆயுள் முழுக்க உண்டு. உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம். அந்த இடத்துக்குப் பதில் மகனுக்கு நீங்கள் விட்டுப்போகும் சொத்து இதுதான். ஆனால் பென்ஷன் ஆணையில் அவர் பெயர் ஏறியிருக்க வேண்டும். தொழிற்சாலை பென்ஷன் பிரிவில் மருத்துவச் சான்றிதழோடு இப்போதே எழுதிக் கொடுங்கள். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அந்தப் பிள்ளையே அலுவலகப் படியேறி நிரூபிக்க வேண்டி வந்தால், அந்தக் கஷ்டம் சொல்லி மாளாது. உங்கள் மகனுக்குப் புத்தி தெளிவு, அதனால் காப்பாளர் தேவையில்லை, அவர் பேரில் வங்கிக் கணக்கு போதும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர், 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவில் காப்பாளர் நியமனம் கேட்கலாம்.

ஆள் பேச வரும்போது மகனும் கூட இருக்கட்டும், அவருக்குப் பிடிக்காதவரை வைக்காதீர்கள். ஒன்றாம் தேதி சம்பளத்தையும் அவரே மொபைலில் அனுப்பட்டும்.