கேளுங்கள், சொல்கிறோம்: மண்கட்டும் மழைக்காலமும்

கேள்வி: எங்கள் வீட்டுத்திட்டத்துக்குப் பின்னால் மண்கட்டு போட்ட சின்ன வெள்ளத் தடுப்புக் குளம் ஒன்று உண்டு. கட்டின்மேல் நடைபாதை, குளத்தில் பெடல் படகு. மே மாதம் வந்தால் தண்ணீரை இறக்கிவிடுகிறார்கள்; சேறு தெரிகிறது, படகும் இல்லை. நிரப்பியே வைத்தால் என்ன? (வாசகி, தெஹிவளை)

பதில்: நிரம்பிய குளம் பார்க்க அழகு, வெள்ளத்துக்கு உதவாது. மழைநீரைப் பிடிக்க, நீர்மட்டத்துக்கும் வானுக்கும் (குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம்) இடையில் வெற்றிடம் வேண்டும். ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100,000 கன மீற்றர் நீர். கூரையும் தாருமான இடத்தில் அதில் 60 வீதம் ஓடிவரும் என்று வையுங்கள். குளத்தின் பரப்பு 5 ஹெக்டேயரானால் மட்டம் 1.2 மீற்றர் ஏறும். அவ்வளவு இடம் இல்லையென்றால் மிச்சம் வான் பாய்ந்து கீழ் வீதிகளுக்குத்தான் போகும். 2010 நவம்பரில், பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஏரி பெருகிப் பாராளுமன்றமே வெள்ளத்தில் அகப்பட்டது நினைவிருக்கும். ஆகவே ஒக்டோபர், நவம்பரிலும் இறக்கத்தான் வேண்டும். படகுக்கு சனவரி, பெப்ரவரி இருக்கிறதே!

ஆனால் மளமளவென்று இறக்கக்கூடாது. நாளுக்கு ஓரடி போதும். வேகம் கூடினால், ஊறிய மண்ணுக்குள் நிற்கும் நீர் வடிய நேரமில்லாமல் உட்சரிவு பாளமாகச் சரிந்துவிடும். வான் வாயில் சல்வீனியா என்னும் மிதக்கும் களையும் பொலித்தீனும் அடைத்திருக்கிறதா என்பதையும் மழைக்கு முன்பே பாருங்கள்.

கேள்வி: கட்டின் வெளிப்புற அடியில் எப்போதும் கசிவு. பயப்பட வேண்டுமா? (வாசகர், கொலன்னாவை)

பதில்: மண்கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவை ஒரு குழாய்க்குத் திருப்பி, 5 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று கிழமைக்கொருதரம் குளத்து மட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். மட்டம் மாறாமல் கசிவு கூடினாலோ, கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்த நீரின் அடியில் மண் படிந்தாலோ உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம்.

அப்போது பலர் செய்வது, களியோ சீமெந்தோ வைத்து வாயை அடைப்பது. செய்யாதீர்கள், அழுத்தம் ஏறி இன்னோரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். பொறியியலாளரை அழைத்துவிட்டு, கசியும் இடத்தில் பருமணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கருங்கல் போடுங்கள். நீர் வெளியேறும், மண் நிற்கும். கலங்கல் கூடிக்கொண்டே போனால் கட்டில் நிற்காதீர்கள். கீழே உள்ள வீடுகளை எழுப்பிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 உடைந்தது, ஊர் தூங்கும் நேரத்தில்.

கேள்வி: கட்டின்மேல் நிழல் மரம் நடலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த வழியே நீர் போகும். புல் போதும், அதையும் கட்டையாக வெட்டினால்தான் நண்டும் உடும்பும் தோண்டிய பொந்துகள் கண்ணில் படும். ஏற்கனவே பெரிய மரம் நின்றால், தறித்துவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடாதீர்கள். குளம் இறங்கியிருக்கும்போது வேரோடு எடுத்து, குழியை அதே வகை மண்ணால் 15 சென்ரிமீற்றர் படைகளாக இறுக்கி நிரப்ப வேண்டும்.