ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிரிட்டனின் கிராமப்புறச் சிறு ரயில் நிலையங்கள் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். ஷிப்பியா ஹில் நிலையத்தை 2015-16ஆம் ஆண்டில் வெறும் 12 பேரே பயன்படுத்தியதாகத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய நிலையத்தைத் திறந்து வைத்திருப்பது வீண்செலவு அல்லவா? அந்த 12 பேருக்கும் வாடகைக் கார் அமர்த்திக் கொடுத்துவிடலாமே! பழமை மீதான ஏக்கம் தங்கள் கணக்கை மறைத்துவிட்டதோ என்று ஐயுறுகிறேன்.

க.

அன்புள்ள க.,

ஏக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வழக்கு அந்த எண்ணோடுதான். முதலில் என் பிழையைத் திருத்திக்கொள்கிறேன்: 12 என்பது ஆட்களின் எண்ணிக்கை அன்று, ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் சேர்த்துக் கூட்டிய தொகை. ஆறு பேர் ஒருமுறை ஏறிப்போய்த் திரும்பி வந்து இறங்கியிருந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். இது என் கட்சிக்கு மேலும் பாதகம்தான். அதுவும் எவரும் நடைமேடையில் நின்று எண்ணியதன்று. பெரும்பாலும் பயணச்சீட்டு விற்பனையிலிருந்து கணித்த மதிப்பீடு.

இனி அந்த நிலையத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். அன்று வார நாள்களில் காலையில் ஒரு ரயில் நின்று செல்லும். அதில் ஏறி வேலைக்குப் போனவர் மாலையில் அங்கேயே வந்து இறங்க ரயில் கிடையாது. திரும்பி வர வழியில்லாத இடத்திலிருந்து யார் புறப்படுவார்கள்? ஆக, அந்த 12, ஊராருக்கு ரயில் தேவைப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டிருந்தது என்பதையே அது காட்டுகிறது. நாட்டிலேயே மிகக் குறைவாகப் பயன்படும் நிலையம் என்று பெயர் பரவிய மறு ஆண்டில் எண்ணிக்கை 156 ஆனது வேடிக்கை. வந்தவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களே மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால் அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

எண்ணும் முறையிலேயே தீர்ப்பு ஒளிந்திருப்பதற்குப் பெரிய உதாரணம், பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் அளித்த அறிக்கை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்ன அந்த அறிக்கையின் போக்குவரத்துக் கணக்கெடுப்பு, 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டது. கோடை விடுமுறையில் மட்டும் நிரம்பி வழியும் கடலோர ஊர்களின் கூட்டம் ஏப்ரல் கணக்கில் எப்படித் தெரியும்? பீச்சிங் முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். சமதளம் தேடி வளைந்து சென்ற பாதையில், பெயரை மட்டும் கிராமத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் நிலையங்கள் உண்டு. பேருந்தும் காரும் வந்தபின் அவற்றுள் பலவற்றைக் காப்பாற்ற நியாயமில்லை. ஆனால் மூடிய தடங்களில் மாற்றாக விடப்பட்ட பேருந்துகளுள் பலவும் சில ஆண்டுகளில் நின்றுபோயின என்பதைத் தங்கள் வாடகைக் கார் யோசனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். பணியாளர் இல்லாத ஒரு நிறுத்தத்துக்குத் தேவை நடைமேடை, விளக்கு, ஒரு நிழற்கூரை, அவற்றின் பராமரிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் தண்டவாளமும் சிக்னலும் எப்படியும் இருந்தாக வேண்டியவை. உண்மையான விலை நேரம். வேகம் குறைத்து, நின்று, மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் ரயிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் போய்விடும். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். நடைமேடையில் நிற்பவர் ஓட்டுநருக்குக் கைகாட்டினாலோ, உள்ளே இருப்பவர் கார்டிடம் முன்கூட்டியே சொன்னாலோ மட்டும் ரயில் நிற்கும். ஆளில்லாத நாளில் சற்றே வேகம் குறைத்துக் கடந்துவிடும். இந்தியாவில் ஹால்ட் எனப்படும் சிறு நிறுத்தங்களில் ரயில்வே ஊழியரை அமர்த்தாமல், கமிஷன் அடிப்படையில் உள்ளூர் முகவரைக் கொண்டு சீட்டு விற்கச் செய்வதும் செலவைக் குறைக்கும் வழிதான்.

நான் தங்களோடு முழுமையாக உடன்படும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரு நிலையத்தை மூடச் சட்டப்படியான நீண்ட நடைமுறையைக் கடக்க வேண்டும். அந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பெயருக்கு ஒரு ரயிலை ஓட்டுவதுண்டு. ஸ்டாக்போர்ட்டுக்கும் ஸ்டாலிபிரிட்ஜுக்கும் இடையே வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சேவை நடந்தது அப்படித்தான். இது மூடுவதைவிட மோசம். மூடினால் ஊரார் எதிர்த்துப் பேசவாவது ஒரு நாள் குறிக்கப்படும். இங்கே அதுவும் கிடையாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: காலையில் போய் மாலையில் திரும்பும்படியான ரயில்களை மூன்று ஆண்டுகள் ஷிப்பியா ஹில்லில் நிறுத்திப் பார்க்கட்டும். அதன் பிறகும் கணக்கு 12தான் என்றால், தங்கள் வாடகைக் கார் மனுவில் முதல் கையொப்பம் என்னுடையது.