வெண்டையில் அசுவினி: வேப்பங்கொட்டை இருக்க புகையிலை எதற்கு?

கேள்வி: பாபநாசம் பக்கம் கொள்ளிடப் படுகையில் 30 சென்ட் வெண்டை போட்டிருக்கிறேன். தை பிறந்ததிலிருந்து கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது, எறும்பும் ஏறுகிறது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து இரண்டு முறை அடித்தேன். பூச்சி குறையவில்லை, சில செடிகள்தான் கருகின. புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? (பெண் விவசாயி)

பதில்: புகையிலையைத் தொடாதீர்கள், அம்மா. செடியிலிருந்து வந்தாலும் நிகோடின் கொடிய நஞ்சு. அடிக்கிறவர் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் காயில் அதை அடிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

வேப்பெண்ணெய் கைவிட்டதற்குக் காரணம் சோப்பு சேர்க்காததாக இருக்கலாம். எண்ணெய் தனியே பிரிந்து டேங்கில் மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணீர் போகும். டேங்க் தீரும் இடத்தில் நிற்கும் செடிகளில் எண்ணெய் மொத்தமாக விழுந்து இலை கருகும்.

இந்தப் பருவத்துக்கு வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலே என் தேர்வு. ஆனி, ஆடியில் பொறுக்கிக் காயவைத்த கொட்டை இப்போது நல்ல பக்குவத்தில் இருக்கும். பூசணம் பிடித்ததையும் போன வருடத்துக் கொட்டையையும் ஒதுக்கிவிடுங்கள், வீரியம் இருக்காது. உங்கள் 30 சென்ட்டுக்கு 60 லிட்டர் கரைசல் போதும். அதற்கு ஓடு நீக்கிய பருப்பு 3 கிலோ. எண்ணெய் கக்காத அளவுக்கு இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் பால் நிறம் நிற்கும்வரை பிழிந்து வடிகட்டி, 100 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 60 லிட்டராக்குங்கள். அன்றைக்கே அடித்துவிட வேண்டும். வெயிலில் வேம்பின் வீரியம் சிதையும் என்பதால், காய் பறித்த பிறகு மாலையில் அடியுங்கள்.

அடிக்கும் விதம்தான் முக்கியம். அசுவினி இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பி, கொழுந்தும் இலையின் அடியும் நனைய அடியுங்கள். மறுநாளே செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள்; வேம்பு பூச்சியின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் மெல்லத்தான் தடுக்கும். அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும், ஆகவே ஏழாம் நாள் மறுபடியும் அடித்தாக வேண்டும்.

மருந்தடிக்கும் முன் ஒரு வேலை. நாலைந்து செடிகளில் இலையைப் புரட்டிப் பாருங்கள். குட்டி முதலை போல, கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு புழு ஊரும். பலர் அதைக் கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள்; அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்றே வளர்வது. உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்ட ஓட்டையோடு ஒட்டிக்கிடக்கும் அசுவினி தெரிந்தால், அசுவினிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. இவை நிறைய இருக்கும் வரிசையில் மருந்தே வேண்டாம், அசுவினி மொய்க்கும் நுனியை மட்டும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

எறும்பு வருவது அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக. அது பொறிவண்டை விரட்டும் என்பதால் வரப்போரப் புற்றுகளைக் கொத்திக் கலைத்துவிடுங்கள். யூரியா மேலுரம் போட நினைத்திருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்; தழைச்சத்து கூடிய இளங்கொழுந்தில்தான் அசுவினி வேகமாகப் பெருகும்.